கோட்டுக்குள் ஆடும் புள்ளிகள்

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூலில் பயன்பாட்டுப் புள்ளியியல் என்றொரு அத்தியாயம் உண்டு. காலத்தொடர், குறியீட்டு எண்கள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு வரும். அதற்குள் திருப்புதல் தேர்வு வாசலுக்கு வந்துவிடும். சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதி, மாறிலிகளின் அட்டவணையைக் காட்டி, இரண்டு கணக்குகளைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் பல பள்ளிகளின் நிலை. மாணவர்களும் குறை வைப்பதில்லை. எக்ஸ் பார், ஆர் ஆகிய இரண்டு படங்களையும் அழகாக வரைந்து, "எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள் உள்ளன, எனவே செயல்முறை கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

அப்படி எழுதிய மாணவரிடம், "இந்தத் தொழிற்சாலைக்கு நீதான் மேலாளர். படத்தைப் பார்த்துவிட்டாய். நாளைக் காலையில் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பாடத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எப்போது காரணம் தேட வேண்டும், எப்போது தேடாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகப் பிறந்த படம் இது.

அதைப் பிறப்பித்தவர் வால்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் அங்கே தயாராயின. அவற்றில் சிலவற்றை மண்ணுக்கடியில் புதைக்க வேண்டும். புதைத்த பிறகு பழுதானால் தோண்டி எடுப்பது பெருஞ்செலவு. அன்றைய வழக்கம், செய்து முடித்த பொருளைச் சோதித்துக் கெட்டதைக் கழித்துக்கட்டுவது. 1924 மே 16 அன்று, 33 வயதான ஷூவார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பு ஒன்றை அனுப்பினார். அந்தக் குறிப்பில் இருந்த சிறு வரைபடம்தான் உலகின் முதல் கட்டுப்பாட்டு வரைபடம். 1931-இல் அவர் இதை விரிவாக்கி நூலாக எழுதினார். அந்த ஆண்டில்தான் பி. சி. மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில், 1947-48-இல், மகலனோபிஸின் அழைப்பை ஏற்று ஷூவார்ட் இந்தியாவுக்கே வந்து தங்கினார். நம் நாட்டு ஆலைகளில் இம்முறை வேர்பிடிக்க அது ஒரு தொடக்கம். பாடநூல் கணக்குக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வகுப்பறையில் ஒரு தொழிற்சாலை

கதை சொன்னால் மட்டும் போதாது, கையால் செய்ய வேண்டும். நான் செய்யும் முறை இது. ஒரு மாணவர்தான் இயந்திரம். அவரிடம் கத்தரிக்கோலும் பழைய தாள்களும் இருக்கும், அளவுகோல் இருக்காது. கண்மதிப்பாகவே 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக அவர் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வரிசை மாறாமல் ஐந்து ஐந்து துண்டுகளாகச் சேர்த்தால் ஒவ்வோர் ஐந்தும் ஒரு கூறு. மற்றவர்கள் மில்லிமீட்டரில் அளந்து, கூறின் சராசரியையும், மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசமான வீச்சையும் எழுதிக்கொள்வார்கள்.

பத்துக் கூறுகளின் சராசரிகள் 99, 96, 101, 98, 95, 100, 98, 97, 101, 95 என்று வருவதாகக் கொள்வோம். வீச்சுகள் 9, 12, 7, 10, 14, 8, 11, 9, 13, 7. (கணக்கு கரும்பலகையில் இடறாமல் இருப்பதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன், வகுப்பில் கிடைப்பவை இவ்வளவு அடக்கமாக இருக்காது.) சராசரிகளின் சராசரி 98, வீச்சுகளின் சராசரி 10. ஐந்து துண்டுகள் கொண்ட கூறுக்கு ஏ2 என்ற மாறிலி 0.577. ஆகவே மேல் எல்லை 98 + 5.77 = 103.77, கீழ் எல்லை 98 − 5.77 = 92.23. வீச்சுப் படத்துக்கு மேல் எல்லை 2.114 × 10 = 21.14, கீழ் எல்லை சுழியம்.

இந்த இடத்தில் ஒரு மாணவராவது, "டீச்சர், அந்த 0.577 எங்கிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்ளலாம். அட்டவணையில் இருக்கிறது என்று சொல்லி நகர்ந்தால், பத்தாம் வகுப்பிலிருந்து கற்பித்த திட்ட விலக்கம் இங்கே காணாமல் போய்விடும். இயல்நிலைப் பரவலில் ஐந்து ஐந்தாக எடுத்தால், வீச்சின் சராசரி திட்ட விலக்கத்தைப் போல 2.326 மடங்கு இருக்கும். நம் வீச்சின் சராசரி 10; எனவே ஒரு துண்டின் திட்ட விலக்கம் 10 ÷ 2.326, ஏறத்தாழ 4.3. ஐந்து துண்டுகளின் சராசரிக்குத் திட்ட விலக்கம் இதை √5-ஆல் வகுத்தால் வரும். அதை மூன்றால் பெருக்கினால் 5.77. அதாவது ஏ2 என்பது 3-ஐ 2.326-ஆலும் √5-ஆலும் வகுத்துக் கிடைத்த எண்தான். ஷூவார்ட் காலத்தில் கணிப்பொறி இல்லை. பட்டறையில் நிற்கும் தொழிலாளி பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வீச்சைக் கண்டுபிடிப்பார், வர்க்கமூலம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். மாறிலி அட்டவணை அவருக்காகச் செய்த ஏற்பாடு.

ஏன் மூன்று மடங்கு, இரண்டாக இருந்தால் என்ன என்பது அடுத்த நல்ல கேள்வி. இரண்டு மடங்கில் கோடு போட்டால், ஒன்றுமே கெடாத நாளிலும் சுமார் 22 புள்ளிகளுக்கு ஒன்று வெளியே போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடினால் தொழிற்சாலை ஓடாது. மூன்று மடங்கில் அது 1000 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 3 ஆகக் குறைகிறது. கோட்டை மேலும் தள்ளிப் போட்டால் உண்மையான கோளாறும் கண்ணில் படாது. இல்லாத காரணத்தைத் தேடி அலைவதும், இருக்கும் காரணத்தைத் தவறவிடுவதும் ஆகிய இரண்டு இழப்புகளையும் எடைபோட்டு, நடைமுறைக்கு ஒத்துவரும் என்றுதான் ஷூவார்ட் மூன்றை எடுத்தார்.

எல்லைகளை வரைந்த பிறகு அப்படியே வலப்பக்கம் நீட்டிவிட்டு, ஆட்டத்தைத் தொடர வேண்டும். பதிமூன்றாம் கூறு வரும்போது யாரும் கவனிக்காத வகையில் வெட்டுபவரை மாற்றிவிடுவேன். புதியவரின் சராசரி 106 என்று வருகிறது. அளப்பவர்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆனால் புள்ளி கோட்டைத் தாண்டியதும், "அங்கே என்னமோ மாறியிருக்கு" என்று குரல் வரும். வெட்டிய கையைப் பார்க்காமலேயே கை மாறியதை ஒரு படம் சொல்கிறது. பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அது.

இன்னொரு மாற்றமும் செய்வேன். இரண்டு பேர் மாறி மாறி வெட்டுவார்கள். ஒருவர் குட்டையாக, ஒருவர் நெட்டையாக. 88, 112, 90, 108, 97. சராசரி 99. சராசரிப் படத்தில் அது நல்ல பிள்ளையாக நடுக்கோட்டருகே நிற்கும். வீச்சோ 24, அதன் எல்லை 21.14. ஒரு படம் போதாதா, எதற்கு இரண்டு என்று சலித்துக்கொள்ளும் மாணவருக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

கோட்டுக்குள் இருந்தாலே போதுமா?

இங்கேதான் பெரிய குழப்பம் வருகிறது. துண்டுகளை வாங்குபவர் 95 முதல் 105 மில்லிமீட்டர் வரை உள்ளதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் முதல் மாணவரின் பத்துச் சராசரிகளும் 95-க்கும் 105-க்கும் இடையில்தான் இருக்கின்றன. மகிழ்ந்துவிடக் கூடாது. வாங்குபவர் சராசரியை வாங்குவதில்லை, துண்டுகளை வாங்குகிறார். துண்டின் திட்ட விலக்கம் 4.3, ஆகவே தனித்தனித் துண்டுகள் சுமார் 85 முதல் 111 வரை சிதறும். இயல்நிலைப் பரவல் அட்டவணையை எடுத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ பத்தில் மூன்று துண்டுகள் தள்ளுபடியாகும். செயல்முறை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதே நேரத்தில் பத்தில் மூன்று வீணாகிறது. இரண்டும் ஒருசேர உண்மை. கட்டுப்பாட்டு எல்லை, செயல்முறை தன்னைப் பற்றிச் சொல்வது. வாங்குபவரின் எல்லை, நாம் அதனிடம் கேட்பது. இரண்டையும் ஒரே படத்தில் வரையக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் மேலாளர் என்ன செய்ய வேண்டும்? வெட்டும் மாணவரை "கவனமாக வெட்டு" என்று அதட்டலாம். எத்தனை முறை அதட்டினாலும் கண்மதிப்பு கண்மதிப்புதான். கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்தால் சிதறல் அன்றே சுருங்கிவிடும். அளவுகோல் கொடுப்பது வெட்டுபவரின் அதிகாரத்தில் இல்லை, மேலாளரின் அதிகாரத்தில் இருக்கிறது.

1950-இல் ஜப்பானுக்குச் சென்று இந்தப் புள்ளியியல் முறைகளைக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், இதைக் காட்டுவதற்காகப் பின்னாளில் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்தினார். 800 சிவப்பு மணிகளும் 3200 வெள்ளை மணிகளும் கலந்த பெட்டி. 50 குழிகள் உள்ள பலகையை முக்கி எடுக்க வேண்டும். சிவப்பு மணிதான் பழுது. தொழிலாளிகளாக நடிப்பவர்களில் ஒருவருக்கு 6 சிவப்பு வந்தால் பாராட்டு, 14 வந்தால் திட்டு. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி 10, திட்ட விலக்கம் √8. மூன்று மடங்கு எல்லைகள் ஏறத்தாழ 1.5, 18.5. அதாவது 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது பெட்டியின் குணம், எடுத்தவரின் திறமையோ சோம்பலோ அல்ல. நம் மாணவர்கள் ஈருறுப்புப் பரவலைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த எல்லைகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபேன்சி கடையில் கிடைக்கும் இரு நிறப் பாசிமணிகள் போதும்.

திருத்தத் திருத்தக் கெடுவது

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் நிறைய. வகுப்பில் சில பிள்ளைகளின் அம்மாவோ அப்பாவோ மில்லுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் 'கவுண்ட்' என்ற சொல் உடனே வரும். ஒரு ராத்தல், அதாவது 453.6 கிராம் நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுதான் அந்த நூலின் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலில் 40 சிட்டம், 33,600 கெஜம். தரச் சோதனை அறையில் ஒவ்வொரு கதிரிலிருந்தும் 120 கெஜம் சுற்றியெடுத்து எடைபோடுவார்கள். நாற்பதாம் நம்பருக்கு அது 1.62 கிராம் இருக்க வேண்டும். கூடினால் நூல் தடித்துவிட்டது. பஞ்சு கூடுதலாகப் போகிறது. குறைந்தால் மெலிந்துவிட்டது, வாங்கியவர் திருப்பி அனுப்புவார். (இந்த ஒரு பத்தியில் விகிதக் கணக்கு எத்தனை இருக்கிறது என்பதைக் கீழ்வகுப்பு ஆசிரியர்களும் கவனிக்கலாம்.)

கவுண்ட் சற்று விலகினால், இழுவையை மாற்றும் பல்சக்கரத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும். முடியும் என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு நாளும் எடை பார்த்து, நேற்று 1.64 வந்ததே என்று சக்கரத்தை மாற்றி, இன்று 1.60 வந்ததே என்று திரும்ப மாற்றினால் என்ன ஆகும்? நூல் முன்பைவிட மோசமாகும். கேட்பதற்கு நம்ப முடியாதது போல இருக்கும். ஆனால் நிரூபிக்கலாம்.

இரண்டு பகடைகளை உருட்டச் சொல்லுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து 7-ஐக் கழித்தால் வருவது பிழை. சும்மா உருட்டிக்கொண்டே போனால் பிழையின் விலக்க வர்க்கச் சராசரி 35/6, சுமார் 5.83. இப்போது 'திருத்தும்' முதலாளி வருகிறார். நான்கு கூடினால் அடுத்த முறை நான்கைக் குறைத்து வை, மூன்று குறைந்தால் மூன்றைக் கூட்டி வை என்கிறார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கிடைப்பது இன்றைய பிழையிலிருந்து முந்தைய பிழையைக் கழித்தது. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. கழித்தாலும் விலக்க வர்க்கச் சராசரிகள் கூடத்தான் செய்யும். ஆகவே 11.67. சரியாக இரண்டு மடங்கு. டெமிங் இதைப் புனலையும் கோலிக்குண்டையும் வைத்துக் காட்டுவார். நமக்குப் பகடை வசதி. நூறு முறை உருட்டி இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஒட்டிவைத்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சக்கரத்தில் எப்போதுதான் கைவைப்பது? புள்ளி எல்லையைத் தாண்டும்போது. அல்லது எல்லைக்குள்ளேயே, நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நிற்கும்போது. தற்செயலாக எட்டும் ஒரே பக்கத்தில் விழ 128-இல் ஒரு வாய்ப்புதான். அப்போதும் முதலில் தேட வேண்டியது காரணத்தை. பஞ்சுக் கலவை மாறியதா, உருளை தேய்ந்ததா, வேறு நம்பருக்கான சக்கரம் தவறி மாட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

மதிப்பெண் பதிவேட்டில்

இதைப் படிக்கும்போது பலருக்கு மில் நினைவுக்கு வந்திருக்காது, மாதாந்திர மீளாய்வுக் கூட்டம் நினைவுக்கு வந்திருக்கும். சென்ற மாதம் 82 விழுக்காடு, இந்த மாதம் 78, ஏன் குறைந்தது, விளக்கம் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் 83 ஆகும்போது எழுதிக் கொடுத்த விளக்கம்தான் வேலைசெய்தது என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கதை தேவைப்படும் இடத்தில், கதைகள் தாமாகவே உற்பத்தியாகிவிடுகின்றன. அதில் உண்மையான காரணம் ஒன்று வந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடுகிறது. எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான்.

என் மாணவி ஒருத்தியின் அலகுத் தேர்வு மதிப்பெண்கள், 50-க்கு: 31, 27, 34, 29, 25, 33, 28, 32, 30, 31. 34-லிருந்து இரண்டே தேர்வில் 25-க்கு இறங்கியபோது அவளை நிறுத்தி வைத்துக் கேட்கத் தோன்றும். ஒற்றை அளவுகளுக்கான படம் வேறு சொல்கிறது. சராசரி 30. அடுத்தடுத்த மதிப்பெண்களின் வித்தியாசங்கள் 4, 7, 5, 4, 8, 5, 4, 2, 1. அவற்றின் சராசரி 4.44. அதை 2.66-ஆல் பெருக்கினால் 11.8. எல்லைகள் 18.2, 41.8. அந்தப் பத்து மதிப்பெண்களும் ஒரே பெண்ணின் ஒரே நிலைதான். அவளை உயர்த்த வேண்டுமானால் கற்பிக்கும் முறையில், பயிற்சியில் ஏதாவது மாற வேண்டுமே தவிர, 25-க்குத் திட்டும் 34-க்குக் கைதட்டும் பயன்படாது.

பதினோராவது தேர்வில் அவள் வாங்கியது 16.

அன்று மாலை அவளைத் தனியாக அழைத்துப் பேசினேன். மல்லிகைப் பருவம். வழக்கமாகப் பூப்பறிக்கப் போகும் அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று வாரமாக அதிகாலை மூன்றரை மணிக்கு இவள்தான் போகிறாள். முதல் இரண்டு பாடவேளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறாள். அம்மாவை வரவழைத்துப் பேசினோம். பருவம் முடியும்வரை சித்தி மகளும் இவளும் நாள்விட்டு நாள் போவது என்று ஏற்பாடாயிற்று. அடுத்த இரண்டு தேர்வுகளில் 24, 29. அந்தக் கேள்வியை 25 வாங்கிய அன்றும் 27 வாங்கிய அன்றும் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், 16 வாங்கிய அன்று அவள் வாயைத் திறந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் நூல் கதிர்கள் அல்லர். வினாத்தாளின் கடினம் தேர்வுக்குத் தேர்வு மாறும். ஒரே வினாத்தாளில் வகுப்பு முழுவதும் இறங்கியிருந்தால் காரணம் வினாத்தாளில் இருக்கும், பிள்ளைகளிடம் இருக்காது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடவும் இந்தப் படம் உதவாது. அதை ஆசிரியரின் நோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், வகுப்புச் சுவரில் ஒட்டக் கூடாது. வருகைப்பதிவுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் உள்ளூர்த் திருவிழா நாட்களையும் மழைக்கால நாட்களையும் தனியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

செய்துபார்க்க விரும்புவோருக்கு: தாள் வெட்டும் செயல்பாட்டுக்கு இரண்டு பாடவேளைகள் வேண்டும், ஒன்று வெட்டி அளக்க, ஒன்று வரைய. வெட்டும் மாணவர் முன்பு வெட்டிய துண்டைப் பார்த்து அளவெடுக்காதபடி, வெட்டியதை உடனே எடுத்துவிட வேண்டும். கூறுகளை வரிசை குலையாமல் எண்ணிட்டு வைப்பது முக்கியம். துண்டுகளைக் கலைத்துவிட்டால் சராசரியும் திட்ட விலக்கமும் அப்படியே இருக்கும், ஆனால் கை மாறிய கூறு எதுவென்று எந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. பகடைச் செயல்பாட்டை ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம், எட்டுக் குழுக்களுக்குப் பதினாறு பகடைகள் இருந்தால் போதும்.